பொலியூட்டும் நிலமும்: தமிழகக் கோயில் அறநிதிகளின் வரலாறு

தம் காலத்துக்குப் பின்னும் நடக்க வேண்டிய ஓர் அறத்துக்குப் பொருள் ஒதுக்குகிறவர் எவருக்கும் இரண்டு அச்சங்கள் உண்டு: ஒதுக்கிய பொருள் செலவழிந்து தீர்ந்துவிடலாம், அதைக் காக்கும் பொறுப்பேற்றவர் மறைந்தபின் வருகிறவர் அதை வேறு வழியில் திருப்பிவிடலாம். இவ்விரண்டுக்கும் விடையாக, முதலைத் தொடாமல் அதன் வருவாயை மட்டும் குறித்த நோக்கத்துக்குச் செலவிடுவது, முதலின் உரிமையைச் சாகாத ஓர் ஆளின் பெயரில் வைப்பது என்ற இரு விதிகளைக் கொண்ட அறநிதி, அதாவது இன்று டிரஸ்ட் என்று வழங்கும் ஏற்பாடு, பல நாடுகளில் பல வடிவங்களில் உருவாயிற்று. தமிழகத்தில் அது பெரும்பாலும் கோயிலைச் சார்ந்தே வளர்ந்தது. ஆண்டுதோறும் தவறாமல் வருவாய் தரும் என்று நம்பத்தக்க பொருள்களில் நிலத்துக்கு நிகரானது அக்காலத்தில் வேறில்லாமையால், கோயிலுக்கு வந்த காசும் பொன்னும் கடனாகவோ, விலைப்பணமாகவோ, ஏரி கால்வாய்ச் செலவாகவோ பெரும்பாலும் நிலத்தையே சென்று சேர்ந்தன.

அழியாத முதல் என்ற கருத்து தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. நாசிக் குகைகளில் உள்ள, பொது ஆண்டின் தொடக்க நூற்றாண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டொன்று, க்ஷத்ரப மன்னன் நகபானனின் மருமகன் உஷவதாதன் 3,000 கார்ஷாபண நாணயங்களைக் கோவர்த்தனம் என்னும் ஊரின் இரு நெசவாளர் சங்கங்களில் வைத்ததைக் கூறுகிறது. அவற்றுள் 2,000 நாணயங்களுக்கு மாதம் நூற்றுக்கு ஒன்றும், 1,000 நாணயங்களுக்கு மாதம் நூற்றுக்கு முக்காலும் வட்டி. முதல் திருப்பித் தரப்பட வேண்டியதில்லை, வட்டி மட்டுமே குகையில் தங்கும் துறவியரின் ஆடைக்கும் சில்லறைத் தேவைகளுக்கும் செல்லும். அதே உஷவதாதன் 4,000 கார்ஷாபணத்துக்கு ஒரு பிராமணரிடம் வயல் வாங்கி, அதன் விளைச்சலைத் துறவியரின் உணவுக்கு விட்டதையும் நாசிக் கல்வெட்டு பதிவு செய்கிறது. பணத்தை வட்டிக்கு விடுவதும் நிலமாக மாற்றுவதும் ஒரே கொடையாளரின் கையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது கவனிக்கத்தக்கது. வடமொழி ஆவணங்கள் அக்ஷயநீவி என்று குறிப்பிடும் இந்த ஏற்பாட்டைத் தமிழகக் கோயில்கள் பின்னர் மிகப் பெரிய அளவில் கையாண்டன.

தமிழ்க் கல்வெட்டுகளில் அடிப்படைத் தொகைக்கு முதல் என்றும், வட்டிக்குப் பொலிசை அல்லது பலிசை என்றும், வட்டியைக் கொண்டு அறம் நடத்துமாறு வைக்கப்பட்ட நிதிக்குப் பொலியூட்டு என்றும் பெயர். அணையா விளக்காகிய நந்தா விளக்குக்குக் கொடுக்கப்பட்ட ஆடுமாடுகளும் இதே கணக்கில் அடங்கும். விளக்கொன்றுக்கு 96 ஆடுகள் இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். செத்த ஆட்டின் இடத்தைக் குட்டி நிரப்பும் என்பதால் மந்தையின் எண்ணிக்கை குறையாது என்று கொண்டு, அவ்வாடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று எழுதினர். உயிருள்ள மந்தைக்கே சாவும் மூப்பும் இல்லை என்று எழுதத் துணிந்த கணக்கர்களுக்குக் காசை நிலையான முதலாக எழுதுவது கடினமாக இருந்திருக்க முடியாது.

இம்முறை எவ்வாறு இயங்கியது என்பதை மற்றெந்தக் கோயிலைக் காட்டிலும் விரிவாகக் காட்டுவது முதலாம் ராஜராஜன் 1010-இல் கட்டி முடித்த தஞ்சைப் பெருவுடையார் கோயில் ஆகும். அதன் சுவர்களிலும் தூண்களிலும் உள்ள கல்வெட்டுகளைக் கல்வெட்டியலாளர் ஹுல்ஷ் 1891 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியாக வெளியிட்டபோது, பொன் நகைகளின் எடை, செப்புத் திருமேனிகளின் உயரம், பணியாளர் பெயர்கள் ஆகியவற்றோடு, எந்த ஊர்ச் சபை எத்தனை காசு வாங்கியது, ஆண்டுக்கு எவ்வளவு நெல் அளக்க ஒப்பியது என்ற நீண்ட கடன் பட்டியலும் வெளிப்பட்டது. மன்னன், அவன் தமக்கை குந்தவை, தேவியர், அதிகாரிகள், படைப்பிரிவுகள் எனப் பலர் தாம் எழுந்தருளுவித்த திருமேனிகளின் பூசைக்கும் திருவிழாவுக்கும் காசு வைத்தனர். கோயிலின் நிர்வாகத் தலைவனாக, அக்கால வழக்கில் ஸ்ரீகாரியம் செய்பவனாக, இருந்த ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்த வேளானும் நாயன்மார் திருமேனிகளை நிறுவிய கொடையாளர்களுள் ஒருவன்.

இக்காசு கருவூலத்தில் உறங்கவில்லை. அது சோழ நாட்டின் சபைகளுக்கு, பெரும்பாலும் பிரம்மதேயம் எனப்படும் பிராமணர் ஊர்களின் சபைகளுக்கு, கடனாகச் சென்றது. வட்டி இருவகையில் குறிக்கப்பட்டது: காசாகத் தருவதாயின் ஆண்டுக்குக் காசொன்றுக்கு அரைக்கால் காசு, நெல்லாகத் தருவதாயின் காசொன்றுக்கு முக்குறுணி நெல். நெல் அளக்கும் கருவி கோயிலுக்கே உரிய ஆடவல்லான் என்னும் மரக்கால். அது ராஜகேசரி என்னும் அரசு மரக்காலோடு ஒத்த அளவுடையது. மரக்கால் ஒன்று குறுணி ஒன்று. பன்னிரண்டு குறுணி ஒரு கலம். கோயிற் கணக்குகளில் காசுக்கு இரு கலம் என நெல்விலை குறிக்கப்படுவதால், இருபத்துநான்கு குறுணிக்கு மூன்று குறுணி என்ற கணக்கில் நெல்வட்டியும் எட்டில் ஒரு பங்காகிறது. எவ்வகையில் தந்தாலும் நூற்றுக்குப் பன்னிரண்டரை என்று இருவட்டிகளும் பொருந்திவருமாறு கோயிற் கணக்கர் வகுத்திருந்தனர். இவ்வட்டியிலிருந்து திருவமுதும், விழாச் செலவும், தேவரின் திருமஞ்சன நீரில் இடும் ஏலம், சண்பக மொட்டு, இலாமிச்ச வேர் போன்றவையும் தனித்தனியே ஒதுக்கப்பட்டன.

நூறு காசு வாங்கிய சபை ஆண்டுதோறும் இருபத்தைந்து கலம் நெல்லைத் தஞ்சைக்குக் கொண்டுசென்று அளக்க வேண்டும். எட்டாண்டில் அளந்த நெல்லின் விலை வாங்கிய காசுக்குச் சமமாகிவிடும். அதன் பின்னும், சந்திரனும் சூரியனும் உள்ளவரை, அளந்துகொண்டே இருக்க வேண்டும். கடன் என்று இதை அழைப்பது வழக்கமாயினும், தவணையும் முதல் தீர்க்கும் நாளும் இல்லாத ஒன்றைக் கடன் என்பதைவிட, ஒரு தொகைக்கு ஈடாக ஊரின் விளைச்சல் மீது நிரந்தரமாக ஏற்றப்பட்ட பாத்தியதை என்று கொள்வதே சரியாகும். சபை விற்றது நிலத்தையன்று, நிலத்தின் வருங்கால விளைச்சலில் ஒரு நிலையான பகுதியை. கோயில் வாங்கியதும் அதைத்தான். காசு வட்டியைக் காட்டிலும் நெல் வட்டி கோயிலுக்கு எவ்வளவு பாதுகாப்பானது என்பதும் இதனால் விளங்கும். நாணயத்தின் மதிப்பு காலத்தால் தேய்ந்தாலும் இருபத்தைந்து கலம் நெல் இருபத்தைந்து கலமாகவே இருக்கும், அதைக் கொண்டு சமைக்கும் திருவமுதும் குறையாது.

வரலாற்றாய்வாளர் ஜார்ஜ் ஸ்பென்சர் 1968-இல் வெளியிட்ட ஆய்வு, இக்கடன்களையும் கால்நடைக் கொடைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, தஞ்சைக் கோயில் செல்வத்தைத் திரட்டியதோடு நில்லாமல் அதைச் சுற்றுப்புற ஊர்களுக்கு மறுபங்கீடு செய்த நிறுவனமாகவும் இயங்கியது என்று காட்டியது. இக்கருத்தில் உண்மை உண்டு. எனினும், பேரரசன் தன் பெயரால் எடுத்த கோயிலின் பணத்தை அரசு அதிகாரி கொண்டுவந்து வைக்கும்போது, அதை ஏற்க மாட்டோம் என்று சொல்லும் நிலையில் எத்தனை சபைகள் இருந்திருக்கும் என்பது கேட்கத்தக்க கேள்வியே. இதே கோயிலுக்குப் பண்டாரிகளையும், பணிசெய் மாணிகளையும், கணக்கர்களையும், மெய்காவலர்களையும் அனுப்பி அவர்களுக்குச் சம்பளமும் தர வேண்டுமென்று ஊர்ச் சபைகளுக்கு இடப்பட்ட கட்டளை, உறவு முழுவதும் விருப்பத்தின் பாற்பட்டதன்று என்பதையே உணர்த்துகிறது.

கடன் கொடுத்தவர் யார் என்ற கேள்விக்குக் கல்வெட்டுகள் தரும் விடை சட்ட நோக்கில் மிகவும் நுட்பமானது. காசு, இறைவனின் முதல் தொண்டராகிய சண்டேசுவர தேவரிடமிருந்து பெறப்பட்டதாக எழுதப்பட்டது. சிவன் கோயில்களில் நிலம் வாங்குவதும் விற்பதும் குத்தகைக்கு விடுவதும் ஆதிசண்டேசுவரர் பெயரிலேயே நடந்தன. திருமால் கோயில்களில் அவ்விடத்தில் சேனை முதலியார் எனப்படும் விஷ்வக்சேனர் நின்றார். கோயில் நிலத்தைப் பலரறியக் கூவி விற்ற விற்பனைக்குச் சண்டேசுவரப் பெருவிலை என்றே பெயர் இருந்தது. பொருளுக்கு உரியவர் இறைவன், கையாள்பவர் சண்டேசுவரர், அவர் பெயரில் ஓலையெழுதிக் கணக்கு முடிப்போர் தேவகன்மிகளும் ஸ்ரீகாரியத்தாரும், கண்காணிப்போர், கல்வெட்டின் இறுதியில் பன்மாகேசுவர ரக்ஷை என்று எழுதி யாருடைய காவலில் அறம் விடப்பட்டதோ அந்தச் சிவனடியார் கூட்டத்தார். மனித அறங்காவலர் இறந்தாலும் ஒப்பந்தத்தின் ஒரு தரப்பு இறக்காது என்பதை இந்த அடுக்கு உறுதி செய்தது.

கோயிற் பணம் நிலத்தைச் சென்று சேர்ந்த இரண்டாவது வழி, கொடையாளர் தந்த பொன்னைக் கொண்டு நிலத்தையே விலைக்கு வாங்குவது. இதிலும் ஒரு சிக்கல் இருந்தது. நிலத்தின் மீது அரசனுக்குரிய இறை, அதாவது நிலவரி, விற்பனையால் நீங்கிவிடாது. ஆகவே வாங்குபவர் நிலவிலையோடு இறைகாவல் அல்லது இறைத்திரவியம் எனப்பட்ட மற்றொரு தொகையையும் சபையிடம் ஒருமுறை செலுத்திவிட, அந்நிலத்தின் வரியை இனிச் சபையே என்றென்றும் செலுத்துவதாக ஏற்று அதை இறையிலியாக்கிக் கொடுத்தது. இனி வரப்போகும் வரி முழுவதையும் ஒரு மொத்தத் தொகையாகச் சுருக்கி இன்றே வாங்கிக்கொள்ளும் இக்கணக்கு, நிதியியல் அறிந்தோர் இன்றும் வியக்கத்தக்கது. தொகையைச் சபை நல்ல முறையில் முதலீடு செய்து அதன் வருவாயிலிருந்து வரி கட்டும் வரை யாருக்கும் இழப்பில்லை; ஓர் ஆண்டு நெருக்கடியில் அதைச் செலவழித்துவிட்டால், இறையிலி நிலத்தின் வரி ஊரின் மற்ற நிலங்களின் மேல் ஏறும், அச்சுமை தலைமுறை தோறும் தொடரும். பொலியூட்டுக் கடனாலும் இறையிலி ஒப்பந்தத்தாலும் சபைகள் ஒரே சமயத்தில் இருமுனைகளில் கட்டுப்பட்டன.

அரசின் வரித்தண்டலோ இரக்கமற்றது. வட ஆர்க்காட்டுப் பகுதியிலுள்ள உக்கல் கல்வெட்டில் பதிவாகியுள்ள ராஜராஜனின் 24-ஆம் ஆட்சியாண்டு ஆணை, இரண்டு முழு ஆண்டுகளுக்கு இறை செலுத்தாமல் விட்ட காணியாளரின் நிலத்தை ஊராரே கைக்கொண்டு விற்றுவிட அதிகாரம் தந்தது. பஞ்சக் காலத்தில் கோயில் கருவூலமே ஊரின் கடைசிப் புகலிடம் ஆயிற்று. தஞ்சைப் பகுதி ஆலங்குடியில், நெல்லுக்கு வழியின்றித் தவித்த ஊரார் கோயிலின் பொன்னையும் வெள்ளியையும் கடனாகப் பெற்று, அதற்கு ஈடாகத் தம் நிலத்தின் வருவாயைக் கோயிலுக்கு எழுதிக்கொடுத்ததைக் கல்வெட்டு கூறுகிறது. உயிரைக் காத்த உதவி என்ற வகையில் இது பாராட்டத்தக்கது. ஆயினும் ஒவ்வொரு பஞ்சமும் ஒவ்வொரு வரிநெருக்கடியும் சிறிது நிலத்தை ஊரிலிருந்து தேவதானத்துக்கு, அதாவது கோயிலுக்குரிய நில வகைக்கு, நகர்த்தியது என்பதும் அதே உதவியின் மறுபக்கம். தேவதானத்திலிருந்து நிலம் ஊருக்குத் திரும்பிய நிகழ்ச்சிகள் இவற்றோடு ஒப்பிட மிகச் சிலவே.

நிலம் கோயிலுக்குச் சென்றது என்பதன் பொருளை மிகைப்படுத்தவும் கூடாது. பழைய குடிகளை வெளியேற்றிவிட்டுக் கொடுத்தது குடிநீக்கித் தேவதானம், அவர்களை அப்படியே வைத்துக் கொடுத்தது குடிநீங்காத் தேவதானம் எனக் கல்வெட்டுகள் வேறுபடுத்தின. பிற்கால வழக்கில் மேல்வாரம் எனப்பட்ட, அரசுக்கோ நிலவுடைமையாளருக்கோ உரிய விளைச்சற் பங்கு மட்டும் கோயிலுக்கு மாற, உழுபவரின் குடிவாரம் பல இடங்களில் முன்போலவே நீடித்தது. கோயில் உழவில் இறங்கவில்லை, பங்கு வாங்கியது.

மூன்றாவது வழியாகிய நீர்ப்பாசன முதலீட்டின் வேர்களும் பழையவை. பல்லவர் காலத்திலேயே உத்தரமேரூர் வயிரமேக தடாகத்தைத் தூர்வாருவதற்கென வைக்கப்பட்ட கொடைகளைச் சபை ஏற்று, வட்டியிலிருந்து அவ்வேலையை நடத்தியது. சோழர் காலத்தில் அவ்வூரின் ஏரி வாரியம் புகழ்பெற்றது. ஆனால் இவ்வழியை ஒரு முழுமையான நிதிமுறையாக வளர்த்தது, விசயநகரப் பேரரசின் காலத்துத் திருமலை திருப்பதிக் கோயிலே.

திருமலைக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலியோரின் உழைப்பால் 1930-களில் தேவஸ்தானம் அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டபின், வரலாற்றாய்வாளர் பர்ட்டன் ஸ்டைன் 1960-இல் எழுதிய கட்டுரை அவற்றின் பொருளியல் உள்ளடக்கத்தை வெளிக்கொணர்ந்தது. மன்னரும் அவர்தம் அதிகாரிகளும் பெரும்பாலும் ஊர்களைக் கொடுத்தனர். கோயிற் பணியாளர், ஆசாரியர், வணிகர், உள்ளூர்வாசிகள் போன்றோர் பெரும்பாலும் பணம் கொடுத்தனர். ஸ்தானத்தார் எனப்பட்ட நிர்வாகக் குழு அப்பணத்தைத் தஞ்சையில் நடந்ததுபோல் வெளிச் சபைகளுக்குக் கடனாக விடாமல், திருவிடையாட்டம் எனப்பட்ட கோயிலின் சொந்த ஊர்களில் ஏரி வெட்டவும், கால்வாய் எடுக்கவும், தரிசைத் திருத்தவும் செலவிட்டது. இவ்வாறு கூடுதலாக விளைந்த நெல்லிலிருந்து கொடையாளர் பெயரில் நாள்தோறும் அல்லது விழா நாள்களில் திருப்போனகம், அதாவது அமுதுபடைப்பு, நடத்த ஒப்புக்கொண்டது. பணம் நிலத்தின் மேல் சுமையாக ஏறாமல் நிலத்துக்குள் நீராக இறங்கியது. தஞ்சை முறையில் இருந்த விளைச்சலில் ஒரு பகுதி இடம் மாறியது, திருப்பதி முறையில் விளைச்சலே கூடியது. மழை குறைந்த, கிணறும் ஏரியும் இன்றி நெல் விளையாத அப்பகுதியில் இம்முறை உருவானது தற்செயலன்று. காவிரிப் படுகையில் நீர் முன்பே இருந்தது, அங்கே பணத்துக்கு அவ்வேலை அவ்வளவாக இல்லை.

கொடையாளருக்கு இதில் புண்ணியம் மட்டும் அல்லாமல் பங்கும் இருந்தது. படைக்கப்பட்ட பிரசாதத்தில் நான்கில் ஒன்று விட்டவன் விழுக்காடு என்ற பெயரில் அவருக்கு உரியது. அதை அவர் தாமே பெறலாம், மடத்துக்கோ இராமானுசகூடம் எனப்பட்ட அன்ன சத்திரத்துக்கோ எழுதிவைக்கலாம், பிறருக்கு விற்கவும் செய்யலாம். மலைக்கு வரும் யாத்திரிகர் கூட்டம் பெருகப் பெருக அப்பங்குக்கு விலைமதிப்பும் கூடியது. பின்னாளில் விசயநகர மன்னனான சாளுவ நரசிம்மனின் ஆதரவு பெற்ற கந்தாடை இராமானுச ஐயங்கார் இராமானுசகூடங்களின் பொறுப்பாளராக இத்தகைய பங்குகளைப் பெற்று அவற்றை நடத்தியதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. பக்தியையும் முதலீட்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிய பிற்காலக் கண்ணுக்கு இது உறுத்தலாகத் தோன்றலாம். அக்காலத்தார் அவ்விரண்டையும் ஒரே கல்லில் ஒரே வாக்கியத்தில் எழுதத் தயங்கவில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் இவ்வமைப்பின் அடித்தளமே மாறியது. பல இடங்களில் கோயில் நிலங்களின் வருவாயைக் கம்பெனி தானே எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக ஆண்டுதோறும் தஸ்திக் எனப்பட்ட நிலையான ரொக்கப்படியை வழங்கியது. நெல்லில் இருந்த பாத்தியதை பணத்துக்கு மாறியதும், விலைவாசி ஏற ஏற அப்படியின் மதிப்பு தேய்ந்தது. எட்டு நூற்றாண்டுக்கு முன் தஞ்சைக் கணக்கர் தவிர்த்த இழப்பு இப்போது அரசாணையாலேயே நேர்ந்தது. சென்னை மாகாணத்தின் 1817-ஆம் ஆண்டு ஏழாவது ஒழுங்குமுறைச் சட்டம் அறநிலையங்களின் மேற்பார்வையை வருவாய் வாரியத்திடம் ஒப்படைத்தது. இந்து ஆலயங்களைக் கிறித்தவ அரசு நிர்வகிப்பதா என்ற எதிர்ப்பின் விளைவாக 1840-களில் அரசு விலகத் தொடங்கி, 1863-ஆம் ஆண்டு இருபதாவது சட்டத்தால் பொறுப்பை உள்ளூர்க் குழுக்களிடமும் தர்மகர்த்தாக்களிடமும் விட்டது. கண்காணிப்பு தளர்ந்த அந்த ஆண்டுகளில், நீண்டகாலக் குத்தகை, அடிமாட்டு வாடகை, உறவினருக்கு எழுதிக்கொடுத்தல் என்ற வழிகளில் கோயில் நிலம் கைமாறியது பற்றிய வழக்குகள் நீதிமன்றங்களில் மிகுந்தன.

அவ்வழக்குகள் பழைய கேள்வியை மீண்டும் எழுப்பின: பொருளுக்கு உரியவர் யார்? ஆங்கிலேயச் சட்டத்தில் டிரஸ்ட் சொத்தின் சட்டபூர்வ உரிமை அறங்காவலரிடம் இருக்கும். பயன் மட்டும் பயனாளிக்கு. 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம் இக்கருத்தின் மேல் எழுந்ததாயினும், சமய, அற நிலையங்களைத் தன் வரம்புக்கு வெளியே நிறுத்தியது. வித்யா வருதி தீர்த்த சுவாமிகளுக்கும் பாலுசாமி ஐயருக்கும் இடையிலான வழக்கில் பிரிவி கவுன்சில் 1921-இல் அளித்த தீர்ப்பு, மடாதிபதியோ தர்மகர்த்தாவோ ஆங்கிலேயப் பொருளில் டிரஸ்டி ஆகார், சொத்து தெய்வத்திடமோ நிறுவனத்திடமோ உறைகிறது, அவர் அதன் மேலாளர் மட்டுமே என்று தெளிவாக்கியது. சண்டேசுவரர் பெயரில் ஓலையெழுதிய தேவகன்மிகளுக்கு இத்தீர்ப்பில் புதிதாக எதுவும் தெரிந்திருக்காது.

நீதிக்கட்சி ஆட்சியில் 1925-இல் நிறைவேறிய இந்து அறநிலையச் சட்டம், அரசின் மேற்பார்வையை வாரியம் என்ற வடிவில் மீண்டும் கொண்டுவந்தது. இன்று நடைமுறையிலுள்ள 1959-ஆம் ஆண்டின் 22-ஆவது சட்டத்தின் 34-ஆம் பிரிவு, கோயிலின் அசையாச் சொத்தை விற்பதும், பரிவர்த்தனை செய்வதும், அடமானம் வைப்பதும், ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு விடுவதும், அந்நிறுவனத்துக்குத் தேவையானது அல்லது நன்மை தருவது என்று இந்து சமய அறநிலையத் துறை ஆணையர் அனுமதித்தாலன்றிச் செல்லாது என்கிறது. 1961-இன் நில உச்சவரம்புச் சட்டம் பொதுச் சமய அறக்கட்டளைகளுக்கு விலக்களித்தது. அதே ஆண்டு வந்த பொது அறக்கட்டளை வேளாண் நில நிர்வாகச் சட்டம் அந்நிலங்களின் குத்தகைதாரருக்குப் பாதுகாப்பளித்தது. அறநிலையத் துறையின் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 4.78 லட்சம் ஏக்கர் நிலம் உள்ளதாக அரசு ஆவணங்கள் கூறுகின்றன. சோழர் காலத்தில் சபைகளுக்குக் கடன் கொடுத்த கோயில் இன்று அந்நிலத்தின் பேரில் தானே ஒரு கடன் எழுப்புவதானாலும் ஆணையரின் அனுமதி வேண்டும். சிறு கோயில்கள் பலவற்றில் குத்தகை நிலுவை வசூலாகாமல் ஒருகாலப் பூசைக்கே பணம் திரட்ட வேண்டியிருப்பதால், நிலையான வைப்புநிதி வைத்து அதன் வட்டியிலிருந்து பூசை நடத்தும் ஒருகாலப் பூசைத் திட்டம் அரசின் பங்களிப்போடு நடைபெற்று வருகிறது.